தாசில்தாருக்கு டாக்டர் தேடிய செபஸ்தியம்மாள்

கோவிந்தராசு மறியலுக்குப் போய் ஜெயிலில் கிடந்த அந்த மாசம், அவன் குத்தகை வயலுக்குத் தண்ணீர் ஒரு முறைகூடத் தப்பவில்லை. பெண்டாட்டி கண்ணாத்தாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பயிர் காய்ந்தால் போதும், "சாகுபடி பண்ணாமல் போட்டுவிட்டான்" என்று நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளப் பண்ணை வீட்டில் காத்திருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால் பயிர் கருகருவென்று நிற்கிறது. அண்ணன்தான் பார்த்திருப்பான் என்று நினைத்து அண்ணனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். அண்ணனும் கூசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வெகுநாள் கழித்து, ஊருக்குத் தண்ணீர் முறை பார்க்கும் நீர்க்கட்டி வேம்புதான் விஷயத்தைச் சொன்னார். "உன் அண்ணன் எங்கப்பா வயப்பக்கம் வந்தான்? மடையத் தொறந்து விட்டது கருவாட்டுக்கார அம்மா. கூடைய வரப்புல எறக்கி வச்சிட்டு, தண்ணி பாஞ்சதும் அடைச்சிட்டுப் போவும்."

போய்க் கேட்டதற்கு செபஸ்தியம்மாள், "போற வழிதானே தம்பி" என்றாள். அதோடு, "நெத்திலி நல்லாருக்கு, எடுத்துக்கிறியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அவள் நத்தக்குடியில், வனத்து அந்தோணியார் சிலை வைத்த சின்னக் குருசடிக் கோயிலை ஒட்டின தெருவில் இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் விண்ணரசி, திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கருவாடு எடுத்து வந்து, மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவிலுள்ள ஊரெல்லாம் தலையில் கூடையோடு நடப்பாள். எந்த வீட்டில் என்ன சமையல், எந்தக் கடையில் என்ன விலை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த அந்தோணியாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எந்தக் காரியமும் தொடங்க மாட்டாள்.

கோவிந்தராசு விவசாயச் சங்கத்து ஆள். சாமி இல்லை என்பான். ஆனால் நாய் உண்டு. செவலை நாய். பேர் தாசில்தார். நிலத் தகராறைத் தீர்க்க வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி தாலுகாவிலிருந்து யாரும் வந்தபாடில்லை. அன்றாடம் வயலுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்து பார்வையிட்டது இந்த நாய் ஒன்றுதான். அதனால் அந்தப் பேர். கோவிந்தராசின் பிள்ளை தவழ்ந்ததே அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான்.

சுவரில் சூரியனும் இலையும் மாறி மாறி வந்துகொண்டிருந்த காலம். ஒருவழியாகக் குத்தகைப் பதிவு கோவிந்தராசு பேருக்கே ஆகி, சங்கத்தில் ஆடு அடித்து விருந்து வைத்தார்கள். விருந்து முடிந்த மறுநாள் தாசில்தார் சோற்றைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. சங்கத் தலைவர் இராஜாங்கம் தடியோடு வந்து எட்ட நின்றார். நல்ல மனிதர்தான், அவர் பெரியப்பா வெறிநாய் கடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்.

"கோவிந்தராசு, சின்னஞ்சிறுசுக இருக்கிற தெரு. நாளன்னிக்குப் பொழுது சாயுறவரைக்கும் பொறுக்கிறோம். வேணும்னா நாளன்னிக்கு என் வண்டியத் தரேன், டாக்டருகிட்டக் காட்டிக் கொண்டா. இல்லன்னா நாங்க அடிச்சிருவோம். அப்பறம் வருத்தப்படாத."

கோவிந்தராசு நாயைக் கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு செபஸ்தியம்மாளிடம் ஓடினான். "எந்த டாக்டர்க்கா?"

"நாளைக்கிப் போயி வெசாரிப்போம் வா. கருவாடு வாங்குறவகூட நாலு கூடையப் பாத்துட்டுத்தான் வாங்குறா."

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவனையும் கூட்டிப் போனாள். முதலில் மன்னார்குடி மாட்டாஸ்பத்திரி. புளியமரத்தடியில் மாடுகள் கட்டியிருந்தன. காசே கிடையாது. ஆனால் டாக்டர் கோமாரி ஊசி போடக் கிராமங்களுக்குப் போயிருந்தார். நாளைக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

அடுத்தது கடைத்தெருப் பக்கம் தனியாக வைத்திருந்த ஒரு டாக்டர். எப்போதும் வாயில் பாக்குப் போட்டிருப்பார். அவருடைய கம்பவுண்டர்தான் விலை சொன்னார். "பாக்க பதினஞ்சு ரூபா. ஊசி தனி. மயக்க மருந்து தனி. கட்டுப் போட்டா அது தனி."

"பாக்கவே பதினஞ்சா? ஒரு கண்ணால பாத்தா எவ்வளவு அய்யா?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"என்னம்மா, மீன் மார்க்கெட்டா இது?"

"மீனுன்னா செவுளத் தூக்கிச் சும்மாவே பாக்க விடுவோமே!"

கம்பவுண்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விலை மட்டும் இறங்கவில்லை.

பிறகு பஸ் ஏறிக் கூத்தாநல்லூர். டாக்டர் மெஹராஜ் பேகம் மெட்ராசில் படித்துவிட்டு வந்து வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளிகளின் வீடுகளில் அங்கிருந்து வந்த பூனைகள் உண்டல்லவா, அதுகள்தான் அங்கே கூட்டம். ஒவ்வொன்றும் தலையணை மாதிரி இருந்தது.

"நாய் பாப்பீங்களாம்மா? எவ்வளவு ஆவும்?"

"கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன். பத்து ரூபாய்க்கு மேல போகாது. என்னைக் கடிச்சா மட்டும் அஞ்சு ரூபா சேத்துக் குடுக்கணும்."

செபஸ்தியம்மாளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கோவிந்தராசுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பூனை பார்க்கிற சின்னப் பெண்; பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற நாயை என்ன செய்யும்? மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் இல்லாவிட்டால் நாய் போயிற்று. பாக்கு டாக்டர் இருப்பார், ஆனால் கையில் அவ்வளவு இல்லை. மன்னார்குடி மேற்கே, கூத்தாநல்லூர் கிழக்கே. மாட்டு வண்டி ஒரு நாளில் ஒரு பக்கம்தான் போய் வரும்.

விடிந்தது. வாயைத் துணியால் தளரக் கட்டி, நாயை வண்டியில் ஏற்றினான். குருசடி முக்கில் செபஸ்தியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். ரெண்டு ரோடும் அங்கேதான் பிரிகிறது.

"திருவுளச்சீட்டுப் போட்டுப் பாத்துருவோம் தம்பி. மூணு டாக்டர் பேரையும் துண்டுக் காயிதத்துல எழுதிக் குடு. அந்தோணியார் சொல்லட்டும்."

"சாமிக்குச் சீட்டெல்லாம் என் கை எழுதாதுக்கா."

"எனக்கு எழுதத் தெரியாதே!" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூன்று சருகில் மூன்று பொட்டலம் கட்டினாள். மாட்டாஸ்பத்திரிக்குப் புளியங்கொட்டை. பாக்கு டாக்டருக்குக் கொட்டைப்பாக்கு. பூனை டாக்டருக்கு என்ன வைப்பது? கூடையிலிருந்து ஒரு துண்டு வாளைக் கருவாடு. மூன்றையும் அந்தோணியார் காலடியில் குலுக்கிப் போட்டுவிட்டு, கண்ணை மூடி முழங்காலிட்டாள். சின்ன ஜெபமா? பர மண்டல மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், மன்றாட்டு மாலை என்று போய்க்கொண்டே இருந்தது.

தாசில்தாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தது. கோவிந்தராசு பதறி எழுவதற்குள் பீடத்தடிக்குப் போய், ஒரு பொட்டலத்தை மட்டும் மூக்கால் உருட்டிக்கொண்டு வந்து அவள் மடிக்கு நேரே நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். பிரித்துப் பார்த்தாள். "சேசுவே! கூத்தாநல்லூரு!"

"கருவாட்ட வச்சா நாய் வேற எத எடுக்கும்? இதுவா திருவுளம்?"

"ஆண்டவர் கழுதையவே பேச வச்சவரு. நாய் மூக்கால சொல்லக் கூடாதா? அத வுடு. வெறி புடிச்ச நாய் இப்புடியா வந்து நிக்கும்? பாரு, அது முழுங்கத் தவிக்கிது. முடியல."

கோவிந்தராசு குனிந்து பார்த்தான். நாய் கருவாட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாலும் லேசாக ஆடிற்று. மூன்று நாளில் முதல் ஆட்டம். அவன் நாயோடு அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிழக்கே திருப்பினான்.

மெஹராஜ் பேகம் கைக்குத் தோல் உறை மாட்டி, நாயின் வாயில் ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார். "வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேலண்ணத்துல பல்லுக்கும் பல்லுக்கும் குறுக்கே எலும்பு மாட்டிக்கிட்டு நிக்குது. பூனைக்கு மீன் முள்ளு தினம் எடுக்குறேன். இது கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

குறடால் ஓர் இழுப்பு. ஆட்டு விலா எலும்பு டக்கென்று தட்டில் விழுந்தது. தாசில்தார் கொட்டாவி விட்டது, தும்மியது, டாக்டரம்மாவின் முகத்தை நக்கியது.

"எங்க சங்கத்து விருந்து எலும்பு!" என்றான் கோவிந்தராசு. "நாந்தான் ஆசையா போட்டேன்."

"ஜெயிச்சா மனுசன் சாப்புடணும். நாய்க்கு எதுக்குய்யா விருந்து?" என்று செபஸ்தியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எலும்பு எடுக்க எட்டு ரூபாய். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், ஊர் நம்பட்டும் என்றாள் அவளே. அதற்குக் கேட்ட காசில் பாதிக்கு நெத்திலி கொடுத்துக் கழித்தாள். கடிக்காததற்குத் தள்ளுபடி உண்டா என்றும் கேட்டுப் பார்த்தாள்.

பொழுது சாயும் முன்பே வண்டி தெருவுக்குள் நுழைந்தது. தாசில்தார் வண்டியின் முன்னால் ஓடி வந்தது. இராஜாங்கம் தடியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சோற்றுச் சட்டியோடு வந்தார். "எலும்பு இல்லப்பா, வெறுஞ்சோறுதான்" என்றார்.

ஆறேழு வருஷம் போயிற்று. செபஸ்தியம்மாளுக்கு முழங்கால் தேய்ந்து, கூடை தூக்க முடியாமல் போனது. விண்ணரசி வந்து அம்மாவைத் திண்டுக்கல்லுக்கே கூட்டிப் போனாள். கோவிந்தராசு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தான். தாசில்தாரும் மூஞ்சி நரைத்த கோலத்தில் பின்னாலேயே வந்தது. அம்மாளை ஏற்றிவிட்டதும் அதுவும் படியில் கால் வைத்தது. கண்டக்டர் விரட்ட, பஸ் நகர, அது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடத் தொடங்கியது.

"பிடி தம்பி, பிடி அவன! கீழ போயிறப் போறான்!"

கோவிந்தராசு பாய்ந்து கழுத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அது திமிறியது, ஊளையிட்டது. செபஸ்தியம்மாள் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாகக் கத்தினாள். அதற்குப் பிறகு அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வந்துருவேன்னு அவங்கிட்டச் சொல்லு! நான் சொன்னா பொய்யாயிரும், சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒனக்கென்ன, நீதான் சாமியே இல்லங்கிறவனாச்சே, தைரியமாச் சொல்லு தம்பி!"