பூத்துவிட்ட திருஷ்டிக் கற்றாழை

இன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் துண்டு வாங்கப் போனேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி சோகமாக உட்கார்ந்திருந்தார்.

திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பூத்துத் தொங்கியது.

"நல்லதுதானே அண்ணாச்சி?"

"என்னத்த நல்லது சார்வாள்? எதிர்த்த ரேடியோ கடையில கட்டுன கற்றாழ ஒரே வாரத்துல கருகிட்டு. ஊர்க்கண்ணு பூரா அவன் கடையில விழுதாம். நம்ம கடைய ஒருத்தனும் பொறாமையா பாக்கலயே."

ஊரே மழையில்லாமல் காய்கிறது; இவருக்கு இந்தக் கவலை.

தாவரவியல் நடத்துகிறவன் நான், சும்மா இருப்பேனா? "அது இலைக்குள்ள தண்ணியச் சேத்து வச்சிருக்கு. பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு ராத்திரிதான் திறக்கும். அதான் மாசக்கணக்கா தாங்குது. அங்கன கருகுனது கண்ணால இல்ல, பக்கத்து டீக்கடை பாய்லர் சூட்டுல."

அண்ணாச்சி முகம் தெளிந்தது. ஸ்டூலில் ஏறிக் கற்றாழையை அவிழ்த்தார். நேரே டீக்கடைக்கு நடந்தார்.

"வே, இதையும் பாய்லர் பக்கத்துல கொஞ்சம் தொங்கவிடும்."

உங்கள் வீட்டுக் கற்றாழை செழிப்பாக இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து கண் வைத்துவிட்டுப் போகிறேன்.