இருபத்து மூன்று வரிகளில் ஒரு துப்பாக்கி

1. மே மாதம் அத்தான் வேட்டைப் பரீட்சையில் தேறினார்.
2. ஜூனில், தனக்கொரு லீவர் துப்பாக்கி தெரிவு செய்யும் வேலையை என்னிடம் தந்தார்.
3. நான் இருபத்து மூன்று வரிகளில் அட்டவணை போட்டேன்.
4. ஜூலையில் வின்டர்தூரில் வாங்கினோம்.
5. ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, எங்கடினில், ஒரு தோட்டாவும் சுடாமல் அது உறைக்குள் திரும்பிப் போனது.

அத்தான், அக்காவின் கணவர், எங்கடின் மலைப் பகுதியில் ஒரு ஹோட்டலில் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறார். செப்டெம்பரில் ஊர்க்காரர்கள் மான் வேட்டைக்கு மலைக் குடிலுக்கு ஏறும்போது, சமைத்துப் போட அவரையும் கூட்டிப் போவார்கள். அவர்கள் துப்பாக்கியோடு வெளியே போக, இவர் உருளைக்கிழங்கு உரிப்பார். ஒரு வருடமாவது அந்தக் குடிலில் வேட்டைக்காரனாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வருடம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், படித்துப் பரீட்சை எழுதினார். மிச்சம் இருந்தவை துப்பாக்கியும், அந்த வருடத்துக்கான சுடும் சோதனையும். சோதனையில் தேறாமல் அனுமதிப் பத்திரம் கிடைக்காது.

நான் கீழே, வின்டர்தூர் நகரத்தில், இயந்திரப் பாகங்கள் வரைபவள். எங்கள் தமிழ் வீடுகளில் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும், சலவை இயந்திரம் வாங்கினாலும், இங்கே படித்த பிள்ளையின் கையில்தான் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளையும் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம் என்று நினைப்பதில்லை.

லீவர் துப்பாக்கி எளிய பொறி. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். நூறு வருடத்துக்கு மேலாக அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதை ‘நவீனம்’ ஆக்கியவர்கள் செய்ததெல்லாம் கறுப்புச் சாயம் பூசி, இடம் கண்ட இடமெல்லாம் எதையாவது கொளுவத் துளை போட்டதுதான். குழல் நுனியில் மரை வெட்டியிருந்தார்கள், சத்தம் அடக்கி பூட்டுவதற்கு. இங்கே அப்போது வேட்டைக்குச் சத்தம் அடக்கி தடை. மேலே தொலைநோக்கி பொருத்த நீளமாக ஒரு தண்டவாளம். அதில் ரயில் ஒன்றுதான் ஓடவில்லை. குறிபார்க்கும் முனையில் பச்சையாக ஒளிரும் இழை, மான் நம்மைக் கண்டுபிடிக்கட்டும் என்பதுபோல. விளம்பரத் தாளில் இவை எல்லாவற்றுக்கும் நேராகச் ‘சிறப்பம்சம்’ என்று எழுதியிருந்தது. அத்தானுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

“பிள்ளை, அந்தப் பெரிய வளையம் இருக்கல்லோ, அது கட்டாயம் வேணும்.”

“ஏன் அத்தான், படத்திலை மாதிரிக் குதிரையிலையோ போகப்போறியள்?”

“கையுறை போட்டாலும் விரல் போகுமாம்.”

“செப்டெம்பரிலை கையுறையோ?”

“மேலை வந்து நிண்டு பார், பிறகு கதை. உனக்கு வின்டர்தூர்க் குளிர் மட்டும்தான் தெரியும்.”

வளையத்தின் அகலத்துக்கு நான் ஒரு முழுப் பின்னேரம் செலவழித்தேன். அத்தானுக்கு வலது தோளில் பழைய நோ. அதனால் உதைப்புக் குறைந்த, எட்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்விட்டமுள்ள குழலுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். ‘சட்டப்படி சரியா?’ என்பது முதல் வரி. வின்டர்தூர் இருக்கும் எங்கள் கன்டோனின், அதாவது மாநிலத்தின், இணையத்தளத்தைப் பார்த்து மூன்று நிமிடத்தில் அதை நிரப்பினேன். கடைக்காரர் அத்தானோடு சின்னப் பிள்ளையோடு பேசுவதுபோல் இழுத்து இழுத்துப் பேசினார். என்னிடம், பெண்களுக்கு மரப்பிடிதான் பிடிக்கும் என்றார். எந்த மலைக்குக் கொண்டு போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

ஓகஸ்டின் அந்தச் சனிக்கிழமைதான் எங்கடின் ஊர்ச் சுடுதளத்தில் கடைசிச் சோதனை நாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். பொறுப்பாளர் துப்பாக்கியை வாங்கினார். வளையத்தையோ தண்டவாளத்தையோ ஏறெடுத்தும் பார்க்காமல், குழலில் பொறித்த எண்ணை மட்டும் வாசித்தார்.

“அழகாக இருக்கிறது. ஆனால் மற்றக் கன்டோன்களில் எப்படியோ, எங்கள் கன்டோனில் மான் சுடுவதென்றால் குழலின் உள்விட்டம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்” என்றார் டொச்சில்.

அத்தான் திகைக்கவில்லை, தலையாட்டினார். எனக்கு அதுதான் விளங்கவில்லை. காருக்கு வந்ததும் கேட்டேன்.

“உங்களுக்கு இது முதலே தெரியுமோ?”

“ஓம். மே மாதச் சோதினையிலை வந்த கேள்வி.”

“சரியா எழுதினீங்களோ?”

“பின்னை?”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீதானே அட்டவணை போட்டனி. படிச்ச பிள்ளை, பாத்திருப்பாய் எண்டு விட்டிட்டன்.”

“பெட்டியிலையே குழல் அளவு பெரிசா எழுதியிருந்ததே!”

“நான் வளையத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்” என்றார். பிறகு, “இந்த முறையும் கிழங்குதான்” என்றார்.

விடையைச் சரியாக எழுதிய ஒருவரும், அந்தக் கேள்வியே தெரியாத ஒருத்தியும் சேர்ந்து இரண்டு மாதம் ஒரு வளையத்தின் அழகை ஆராய்ந்திருக்கிறோம். வேலையிடத்தில் இப்படி ஒரு வரைபடம் என் மேசைக்கு வந்திருந்தால், வரைந்தவரை நான் இரண்டு வாரத்துக்குச் சும்மா விட்டிருக்க மாட்டேன். செப்டெம்பரில் அத்தான் குடிலுக்குச் சமைக்கத்தான் போனார். ஊர்க்காரர்கள் இரண்டு மான் சுட்டார்கள். ஈரலை வதக்கிப் பரிமாறியவர் இவர்.

இப்போது நிலைமை இது. அந்தத் துப்பாக்கி வாங்கிய கடையிலேயே மறுவிற்பனைக்கு நிற்கிறது, இன்னும் யாரும் வாங்கவில்லை. அத்தான் அடுத்த வருடம் எங்கடினிலேயே தடித்த குழலுள்ள பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்தார். அதில் சிறப்பம்சம் எதுவும் இல்லை, தோள்தான் நோகிறது. சோதனையில் தேறி இரண்டு பருவம் வேட்டைக்குப் போய்விட்டார். மான் இன்னும் விழவில்லை. அந்தப் பழைய துப்பாக்கியைத் தெரிவு செய்யும்போது என்னைக் கேட்கவில்லை.