ஊதுபத்திப் பலகை முன்னால் படித்த பேப்பர்

கரித்தூளை ஈர மாவோடு பிசையும் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நல்ல வாசனைத் தைலமெல்லாம் கம்பெனியில்தான் சேர்ப்பார்கள், எங்களுக்கு வந்தது கரி வாசனை மட்டுந்தான். அப்போது தொம்மலூரில் எங்கள் வரிசை வீடுகளில் பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவார்கள். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அவர்களுக்குத் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பேன். படிக்கிற பிள்ளையின் கையில் கரி படக்கூடாதென்று என் பங்குக் குச்சிகளையும் அவர்களே உருட்டிவிடுவார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு, முகத்தை மறைத்துக்கொள்ள அந்தப் பேப்பர் வசதியாக இருந்தது.

ஒரு கோடையில் "நல்லி"யில், அதாவது கன்னடத்தில் அப்படிச் சொல்லும் தெருக்குழாயில், நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அம்மாவும் மற்றவர்களும் ரோட்டில் குடங்களை வரிசையாக வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது, ஆபீசர் வந்தார், தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். நானும் அங்கேதான் இருந்தேன். மறுநாள் பேப்பரிலோ, "குடிசைப் பெண்கள் ரகளை, கல்வீச்சு, பயணிகள் அவதி" என்று போட்டிருந்தது. தண்ணீர் வராத பேச்சே அதில் இல்லை.

எல்லாரும் ஆசையாக என்னையே பார்த்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. "பெண்கள் தண்ணீர் கேட்டுப் பொறுமையாகக் காத்திருந்தனர்" என்று நானே கட்டிப் படித்துவிட்டேன்.

"அடி சக்கை, பேப்பர்ல வந்துட்டோம்டி! படம் போடலியா? நான் பவுடர் பூசினது வீணாப் போச்சே," என்றாள் பக்கத்து வீட்டு மேரி அக்கா.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகி, மறுநாள் தான் வேலை செய்த காக்ஸ் டவுன் வீட்டுக்குக் கொண்டுபோய், "இதுல வந்திருக்கிறது நாங்கதாம்மா" என்று பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அந்த வீட்டம்மா அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "கல்லெறியற கையை வீட்டுக்குள்ள விட முடியாது" என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஆறு வருஷமாகப் பார்த்த கையைவிட, ஒரு நாள் பார்த்த அச்செழுத்தை நம்பினார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நானே அழுதுகொண்டு எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். மறுநாள் பேப்பரைத் தொடாமல், உருட்டுவதற்கு ஒரு பலகையை இழுத்தேன். மேரி அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒன் பங்க நாங்க உருட்டுறோம், நீ படி. நம்மளத் திட்டியிருந்தா திட்டினதையே படி. அவங்க பொய் சொன்னா நாங்க போயிக் கேக்கலாம். நீயும் சொன்னா யாருகிட்ட போறது?"

"முந்தாநாள் போட்டதை முதல்ல படி," என்றாள் அம்மா. ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

"கல்லா? குடத்தைப் பிடிக்கவே கை பத்தலியேடி!" என்று சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். பிறகு மெதுவாக, "நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள். அதற்கப்புறம் எந்த ஊர் ஜனங்களைப் பற்றி என்ன படித்தாலும், யாராவது ஒருத்தி குச்சியை நிறுத்திவிட்டு, "அவங்கள யாராச்சும் கேட்டாங்களாமா?" என்பாள்.

இன்று அந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ் நிற்கிறது. ஊதுபத்தியை மெஷின் உருட்டுகிறது. செய்தியை ஆளாளுக்கு அவரவர் போனில் பார்த்துக்கொள்கிறோம். "அந்த ஏரியாக்காரங்களே இப்படித்தான் அத்தை" என்று என் மருமகள் சில நாள் போனை நீட்டுவாள். எதிர்த்துப் பேச எனக்கு இன்னும் கூச்சம். "அவங்கள யாராச்சும் கேட்டாங்களாமா?" என்று மட்டும் கேட்பேன். அவள் மறுபடி ஒருதரம் முதலிலிருந்து படிப்பாள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இப்போது இல்லை. பொய் படித்த பிள்ளை மடியிலேயே மறுபடியும் பேப்பரை வைத்து, அதன் பங்கையும் சேர்த்து உருட்டிய கரிக் கைகள் அவை.