ஏழாம் வீட்டுக் குளிர்ச்சி

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அது அவருடையதுதானா என்று யோசிக்கிற ஜென்மம் நான். அதனால் என் அக்கா நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான்.

அக்கா பதினெட்டு வருஷம் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போட்டவள். மாடிப்படி, கழிவறை, கார் நிறுத்துமிடம், இப்படியே போனது. ஒருநாள் ஜன்னலே இல்லாத ஓர் அறையைக் காட்டி, "இது வேலைக்காரங்க தங்குறதுக்கு, காத்தெல்லாம் வேணாம்" என்றாராம் முதலாளி. அதையும் வரைந்து கொடுத்துவிட்டு, கையோடு ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டாள். அடுத்து பல்கலைக்கழகம். கட்டடம், நகரம், சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்துக் கோட்பாடாகப் படிக்கிற முதுகலை.

"கோட்பாடு படிச்சுட்டு என்ன வரையப் போற?" என்று அவள் கணவர், எங்கள் மாமா, கேட்டார்.

"இனிமே வரையறதா இல்லைங்க. ஏன் இப்படி வரையறோம்னு கேக்கப் போறேன்."

மாமா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் வேலையும் இல்லை, வயதும் ஏறிவிட்டது, பட்டமும் கிடைக்காமல் போனால் அவள் கதி என்ன என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

ஆய்வுக்கு ஒரு கிடங்குக்குப் பின்னால் வரிசையாக இருந்த பன்னிரண்டு சின்ன வீடுகளை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கொரு குட்டிப் பெட்டி வைத்தாள். அது மணிக்கொரு தடவை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கும். இதற்கு இரண்டு வருஷம் முன்பு பக்கத்துத் தெருவில் யாரோ டேப் பிடித்து அளந்துவிட்டுப் போக, மூன்றே மாதத்தில் இடிக்கிற இயந்திரம் வந்து நின்றதாம். அதனால் இவளுக்கு அங்கே பேர் அளவுக்காரி. தண்ணீர் கொடுத்தார்கள், சிரித்தார்கள். "என்னை நம்ப ஆரம்பிச்சுட்டாங்கடி" என்றாள் அக்கா. எங்கள் அலுவலகத்துக்குத் தணிக்கைக்கு வருகிறவரைப் பார்த்து நாங்களும் அப்படித்தான் சிரிப்போம்.

கோடை முடிந்து கணக்கெடுத்தால், பதினோரு வீடுகள் கொதிக்கின்றன. ஏழாம் வீடு மட்டும் பிற்பகலில் எட்டு டிகிரி குறைவு. அக்கா தலைகால் புரியாமல் ஆடினாள். அந்த வீட்டுச் சுவருக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருந்தது. அந்தச் சந்து நிழலையும் காற்றையும் எப்படி இழுக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதினாள். பாராட்டு என்றாலே வாய் கோணிக்கொள்ளும் அவளுடைய பேராசிரியர் மூன்று முறை பாராட்டினார். இருவர் பேரிலும் கட்டுரையாக அனுப்பலாம் என்றும் சொன்னார். எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி ஆய்வேட்டை என்னிடம் கொடுத்தாள். நான் எதையுமே பின்பக்கத்திலிருந்து படிக்கிறவள். கடைசியில் இருந்த அட்டவணைகளைப் பார்த்தேன். ஏழாம் வீடு சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குளிர்ந்து, ஐந்து மணிக்குச் சூடாகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிரவே இல்லை.

"ஏன்க்கா, காத்து ஞாயித்துக்கிழமை லீவு போடுமா?"

வாரம் முழுவதையும் கூட்டிச் சராசரி எடுத்தவள், நாள்வாரியாகப் பார்க்கவே இல்லை. முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம். நான் முன்னுக்கு வர்றது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவளே வந்து வாசலில் நின்றாள். "வா, போகலாம்."

ஏழாம் வீட்டில் இருந்தது ஒரு தையல்காரம்மா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"லைட்டு மினுக்குச்சும்மா. கேமராவா இருக்குமோன்னு பயம். மத்தியானம் பொம்பளைங்க வந்து இங்கதான் துணி போட்டுப் பாப்பாங்க. அதான் ஈரத்துண்டுல சுத்தித் தண்ணி டிரம்முக்குப் பின்னால வெச்சுருவேன். அஞ்சு மணிக்கு எடுத்துப் பழைய எடத்துலயே வெச்சுருவேன். ஞாயித்துக்கிழமை யாரும் வர மாட்டாங்க, அது பாட்டுக்கு அங்கயே இருக்கும்."

"முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க எங்களப் பத்தி என்ன எழுதுறீங்கன்னு காட்டுனீங்களா?"

அக்கா எழுதியிருந்தது எனக்குத் தெரியும்: ஏழாம் வீடு போன்றவற்றுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கின்படி தெருவிலேயே அதிகம் கொதிக்கிற வீடு அதுதான்.

"அந்த அத்தியாயத்த எடுத்துட்டா கையில ஒண்ணுமே மிஞ்சாது" என்றாள் திரும்பும் வழியில். மறைத்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் நினைத்தேன். கூடப்பிறந்தவளைக்கூட விடவில்லை என் புத்தி.

தேர்வில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். குழுவில் ஒருவர், "அப்போ மத்த பதினோரு வீட்டை நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார்.

"நம்பாதீங்க சார். நானும் நம்பல" என்றாள் அக்கா. பட்டம் தரவில்லை. இன்னொரு கோடை அவகாசம் தந்தார்கள்.

எழுதியதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினாள். கதவைச் சாத்தினவர்களும் உண்டு. தையல்காரம்மா மட்டும் பெட்டியை மறுபடி வைக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "மொத நாளு பன்னெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்களும் அது கூடவே உக்காருங்க. கேமரா இல்லன்னு அப்ப நம்புறேன்."

வெப்பத்தைப் பற்றி இரண்டு வருஷம் படித்தவள், அந்தத் தெருவில் ஒரு பிற்பகலை முழுதாகக் கழித்ததில்லை. காலையில் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். இரண்டரை மணிக்கு அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தேன். தையல்காரம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் இரண்டரை மணி நேர வேலை இருந்தது.