அக்காவைப் பரிசலில் பெண் பார்த்த நாள்

ஈரமான எருமைத்தோலும் வெயிலில் இளகிய தாரும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். முதலில் குமட்டும், கொஞ்ச நேரத்தில் பிடித்துப்போகும். ஓசூரில் எங்கள் தெருவுக்குத் தார் போட ஆட்கள் வரும்போதெல்லாம் அந்த வாடையில் பாதி என் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு நான் எருமைத்தோலை எங்கே போய்த் தேடுவது? இருந்தாலும் அந்தப் பாதியே போதும். எழுபது வருஷத்துக்குப் பக்கமாகப் பின்னால் போய், ஒரு பரிசலுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றின் குறுக்கே அணை கட்டி, தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்த ஐம்பதுகளின் கடைசி அது. ஒரே மழைக்காலத்தில் ஆறு கடலாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை, ஆகவே மறுத்துப் பேசவும் ஆளில்லை. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஜனங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு அணை பார்க்க வந்தார்கள். அதுவரை ஆட்களையும் ஆடுகளையும் அக்கரை சேர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த பரிசல்காரர்கள், ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் புதிய தொழிலுக்கு மாறிவிட்டார்கள். அதற்கு "ரவுண்டு" என்று பெயர். எங்கேயும் போகாத பயணத்துக்கு எதற்குக் கூலி என்று அப்பா சிரிப்பார். கடைசியில் அவரே எங்களை அதில் ஏற்றினார்.

அப்பா மாதா கோவிலில் உபதேசியார். சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாவு வீடுகளுக்குப் போய் நிற்பது எல்லாம் அவர் வேலை. அம்மா என்னைப் பெற்ற வாரத்திலேயே போய்விட்டாள். பதினான்கு வயதுப் பிலோமி அக்காதான் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், இறக்கிவிடவே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, மீதி வீட்டில் கன்னடம். கோவிலுக்குப் போகிற பிள்ளைகளோ ஊரின் மறுகோடியில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அக்கா, அக்காவை விட்டால் சுவர். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சுவரோடு உட்கார்ந்து நான் நிஜமாகவே பேசிக்கொண்டிருப்பேன், அக்கா வருகிற சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொள்வேன்.

அந்தச் சத்தம் தனி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவின் வலது கால் சூம்பிப்போயிருந்தது. இடது கால் தொம்மென்று விழும், வலது கால் சர்ரென்று இழுபடும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதே சத்தம் வேறு மாதிரி கேட்டது. மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் அடுக்களையிலிருந்து அக்கா காப்பித் தட்டோடு பத்தடி நடந்து வருவதற்குள், வந்தவர்களின் கண் அவள் முகத்திலிருந்து இறங்கித் தரைக்குப் போய்விட்டது. காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

பரிசல் யோசனையைக் கொண்டுவந்தது ஓசூரிலிருந்து வந்த மதலை அத்தை, அப்பாவின் தங்கை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன். தாயும் மகனும் மட்டும்தான். அணை பார்க்க வருகிறார்கள்.

"பரிசல்ல யாருண்ணா நடக்கப் போறாங்க? எல்லாரும் குந்திக்கிட்டுதான் இருக்கணும். நீங்க மொதல்லயே ஏறி உக்காந்துருங்க. அவங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவும், மொதல்ல எறங்கிப் போவாங்க. நாங்க இன்னொரு ரவுண்டு போறோம்னு சொல்லிட்டு உள்ளயே இருந்துருங்க" என்றாள் அத்தை.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "சொல்லிடலாமேப்பா" என்றாள்.

"கேட்டா சொல்லலாம்" என்றார் அப்பா. பொய் சொல்வது பாவம், கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தனக்கே அது இப்படி உதவும் என்று நினைத்திருக்க மாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தையின் திட்டத்தில் நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தடவை தப்பாது, அக்கா பெங்களூருக்குப் போய்விடுவாள். அப்புறம் எனக்கு யார் தலைவாருவது என்பதில் ஆரம்பித்து, அந்த வீட்டில் நானும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சில்லாமல் சோறு தின்னப்போவது வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கச் சுவரிடம்கூட நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வாடகை மாட்டுவண்டியில் அணைக்குப் போய், திட்டப்படி நாங்கள் மூவரும் முதலில் பரிசலில் ஏறிக்கொண்டோம். பரிசல்காரர் முனிசாமிக்குத் தெலுங்கும் தமிழும் கலந்துதான் வரும். பரிசலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது முழுக்க அவர் கையில். உபதேசியார் என்றும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டார், கனத்தைத்தான் பார்ப்பார். பின்னாலேயே வந்து ஏறிய பையனின் அம்மா நல்ல கனம். அவரை ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, அதற்கு ஈடாக எதிர் ஓரத்தில் அக்காவையும் என்னையும் ஒட்டி உட்காரவைத்தார். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அந்தப் பையன். "எந்திரிக்காதீங்க, கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி!" என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டே துடுப்பைப் போட்டார். வட்டமான பரிசலில் யாரும் யாருக்கும் முதுகு காட்ட முடியாது. அக்கா நீலச் சேலையின் கீழே வலது காலை மடித்து மறைத்துக்கொண்டாள், அதற்குமேல் என் பாவாடையையும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அத்தை போட்ட திட்டத்தில் நானும் ஒரு துணியாக இருந்தேன்.

குறை சொல்லக்கூடாது, பெண் பார்க்க வந்த அந்த மனிதர் நல்லவராகத்தான் இருந்தார். மீசையை ரொம்பச் சின்னதாக வைத்திருந்தார். தண்ணீர் தெறித்ததும் சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிண்டை எடுத்து, நனைவதற்குள் தின்றுவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் அம்மா, "எங்க ஊர்ல இவ்ளோ தண்ணி கெடையாதும்மா" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவும் ஏதோ பதில் சொன்னாள். அணையின் கதவுகளை எட்ட இருந்தே காட்டினார் முனிசாமி. தூரத்து மலைகளைக் காட்டினார். தண்ணீருக்கு நடுவே யானை முதுகு மாதிரி தெரிந்த ஒரு பாறையைக் காட்டினார். பிறகு, வருகிறவர்களுக்கெல்லாம் செய்கிற வித்தையாக, துடுப்பை ஒரே பக்கம் போட்டுப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டார்.

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ள மறந்து, தலை பின்னால் சாய, சத்தமாக. அந்த மாதிரி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னோடு எத்தனையோ சிரித்திருக்கிறாள், அதெல்லாம் ஒரு குழந்தைக்காகச் சிரிக்கிற சிரிப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மனிதரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் வாயில் பெப்பர்மிண்ட் கசந்தது. எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். "பத்து நிமிஷம் அடக்கிக்கோ லூர்து. கரைக்குப் போயிடலாம்."

"முடியல."

"ஐயோ பாவம், கொழந்த எப்படி அடக்கும்? அந்தப் பாறைகிட்ட நிறுத்துப்பா" என்றார் பையனின் அம்மா. முனிசாமியும் சூதுவாது தெரியாமல் பரிசலை அங்கே கொண்டுபோய் அணைத்துவிட்டார். அப்பா எழப்போனார். "நீங்க இருங்க. பொம்பளப் புள்ள, அவங்க அக்கா கூட்டிட்டுப் போவட்டும்" என்று அந்த அம்மாவே தடுத்துவிட்டார்.

இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் யோசனை போகாது என்று சொல்லிச் சமாதானம் தேடிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. போயிற்று.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். பரிசல் ஆடியது. அந்த மனிதர் எழுந்துவிடாமலே கையை மட்டும் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துத்தான் அக்கா பாறையில் இறங்கினாள். பரிசலிலிருந்து பாறையின் மறைவுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், நடையை மறைக்கவும் பார்க்காமல் நடந்தாள். வெறுங்காலில், கரடுமுரடான பாறையில், எனக்குப் பழகிய அந்தச் சத்தம் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது.

மறைவுக்குப் போய் நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு குந்தினேன். வரவில்லை. வரப்போவதும் இல்லை. அக்கா எனக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எழப்போனபோது, தோளில் கையை வைத்து என்னை மறுபடியும் உட்காரவைத்தாள்.

"வரலைன்னாலும் இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு. ஒடனே போனா பொய்யின்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவும் இல்லை. என்னை யாரும் பொய்க்காரி என்று சொல்லிவிடக்கூடாது என்று, அந்த வெயிலில், தன் கல்யாணம் கலைந்துபோய்விட்ட பாறையின் மேல் என்னோடு காத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது பையனின் அம்மா முழங்காலை ஒடுக்கி அக்காவுக்கு இடம்விட்டார். அவர் மகன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு சுத்து சுத்தட்டுமா சாமி?" என்று முனிசாமி கேட்டதற்கு அப்பா கரையைக் கைகாட்டினார். கரையில் முதலில் இறங்கிய அந்த அம்மா, அப்பாவைப் பார்த்து, "காலுக்காக இல்லீங்க. மறைச்சீங்க பாருங்க, அதான்" என்றார். அது உண்மையா, மரியாதைக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உண்மையென்றால், முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று அரிசி புடைத்துக்கொண்டே சொன்ன அக்கா ஒருத்திதான் சரியாகச் சொல்லியிருந்தாள். போகும்போது அவள் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரும்மா" என்றார். கடிதம் எதுவும் வரவில்லை. அதன் பிறகு யாரும் பெண் பார்க்கவும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய் சொன்னேன் என்றேன். "எத்தனை தடவை?" என்று கேட்டார் சாமியார். ஒரு தடவை என்றேன். மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். கோவில் கிணற்றடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது. அக்கா எங்கேயும் போகவில்லை. முன்போலவே தலைவாரிவிட்டாள், கோவில் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டாள், நான் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்திலேயே கிடந்தாள். அந்த நாளைப் பற்றி ஒருதடவைகூடப் பேசவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே தனியாக இருக்கக் கற்றுக்கொண்டேன். அந்தச் சிரிப்பை மறுபடியும் கேட்கவேண்டும் என்று என்னென்னவோ கோமாளித்தனம் செய்து பார்ப்பேன். சிரிப்பாள், குழந்தைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

இருபத்தொரு வயதில் எனக்கு ஓசூரில் கல்யாணமாயிற்று. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே காலை இழுத்து இழுத்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு சம்படம் நிறையப் பணியாரம் கொடுத்தாள். பஸ் கிளம்பியது. நான் புதுப் புருஷனோடு பேசிக்கொண்டே வந்தேன். சூளகிரி தாண்டும்வரை அவளை நினைக்கவே இல்லை. பரிசல் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அப்பா இறந்த பிறகு, "ஓசூருக்கே வந்துடுக்கா" என்று வருஷாவருஷம் கூப்பிட்டேன். "வரேன், போ" என்பாள். அந்த வீட்டிலேயே தனியாக இருந்து, தனியாகவே போய்ச்சேர்ந்தாள்.

என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மகன் வெளிநாட்டில். ஓசூர் வீட்டின் வழவழப்பான தரையில் யாருடைய நடைக்கும் சத்தம் கிடையாது, நடக்கவும் ஆளில்லை. போன மாதம் ஒருநாள் பஸ் ஏறி அணைக்குப் போனேன். பொரித்த மீன் வாசனையில் கரை நிறைந்திருந்தது. ஈரத்தோல் வாடைக்கு இடமில்லை. நான் நின்ற பக்கத்தில் பரிசல் ஒன்றையும் காணோம். மீன் கடைப் பெண்ணிடம் அந்தப் பாறையைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி எறங்குனா தெரியுங்கம்மா. இப்ப முழுகிக் கெடக்குது" என்றாள்.

அது இருந்திருக்கக்கூடிய திசையைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். சர்க்கரை வியாதிக்காரிக்கு அவ்வளவு நேரம் தாங்காது. ஒண்ணுக்கு எங்கே போவது என்று அவளிடமே கேட்டேன். அவள் சட்டியிலிருந்து கையை எடுத்து, மரங்களுக்கு அந்தப் பக்கம் படிகள் இறங்கிப் போகிற இடத்தைக் காட்டினாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "தனியா போயிடுவீங்களா? கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, கூட யாரும் வரல" என்றேன்.