ஊலாங் பானையைக் கழுவிய நாள்

மிளகாய்த்தூளுக்கு மல்லி வறுக்கையில் கை ஒரு கணம் தாமதித்தால் எழும் மணம், அதன் அடியில் கருகிய சீனி, அதற்கும் அடியில் மழையில் நனைந்த மரப்பெட்டி. கறுக்க வறுத்த ஊலாங் தேயிலையை எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சீன மாலில் அம்மா வேலை செய்த தேயிலைக் கடையில், கதவைத் திறக்குமுன்பே அது முகத்தில் வந்து மோதும். பாதி புளிக்கவிட்ட இலையைத் தென்சீன மலைகளில் கரித்தணலில் வாட்டி அனுப்புவார்கள். கடல் கடந்து வந்ததை, ஈரம் ஏறாதிருக்க, கடைக்காரி ஆண்டுக்கொருமுறை பின்னறையில் மறுபடி வறுத்து, நெருப்பின் முரட்டுத்தனம் அடங்கும்வரை மாதக்கணக்கில் தகரத்தில் மூடி வைப்பார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் செய்தாராம்.

"எரிஞ்ச தென்னங்கிடுகை அவிச்சுக் குடிக்குதுகள்" என்பார் மங்களா அன்ரி. மூன்று ஆண்டுகளாக அங்கே வேலைக்கு நின்றவர். அம்மாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர். நாங்கள் குடியிருந்த "பேஸ்மெண்ட்" அவர் வீட்டின் நிலக்கீழ்ப் பகுதி. கூட்டவும் பொதி கட்டவும் போன அம்மா, ஒருநாள் பின்னறையைக் கடக்கையில் மூக்கைச் சுளித்து, வறுபடும் இலையை இப்போதே இறக்கு என்று கையைக் காட்டினாராம். கடைக்காரி இறக்கிப் பார்த்தார், பதம் சரியாக இருந்தது. அடுத்த கிழமை அம்மா வறுக்கும் அடுப்படிக்குப் போனார், கூட்டுகிற "தும்புத்தடி" மங்களா அன்ரியின் கைக்குப் போனது.

கடைக்காரியிடம் தகப்பன் விட்டுப்போன செம்மண் தேநீர்ப்பானை ஒன்று இருந்தது. நாற்பது ஆண்டு ஊலாங் அதன் உட்சுவரில் கறுப்பாய்ப் படிந்திருந்தது, அந்தப் படிவுதான் தேநீருக்குச் சுவை. வெறும் சுடுதண்ணியைத் தவிர வேறொன்றும் அதைத் தொடக் கூடாது என்பது வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லும் சட்டம். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் மங்களா அன்ரி. சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "அக்கா, உதென்ன ஊத்தை! சவர்க்காரம் போட்டு நல்லா உரஞ்சி விடுங்கோ, மனிசி சந்தோசப்படும்" என்றார். கறைபிடித்த பாத்திரத்தைக் கண்டால் நித்திரை வராத அம்மா, பானை புதுச்செங்கல்லாய்ச் சிவக்கும்வரை உரஞ்சினார். வீட்டுக்கு வந்து, மங்களா சொல்லித்தான் செய்தேன் என்று பெருமையோடு எங்களுக்கும் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடமில்லை, நானும் கடையில் நின்றேன். பதினொரு வயது. அம்மாவின் இங்கிலிஷ் நான்தான். கடைக்காரி அந்தப் பானையில் ஊற்றிய தேநீரில் ஒரு மிடறு குடித்தார். கத்தவில்லை. பானையை இரு கையாலும் மேசையில் வைத்துவிட்டு, யார் கழுவச் சொன்னது என்று என்னிடம் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் செய்தனான் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

"ஓம் பிள்ளை, கொம்மா சொன்னதை அப்பிடியே சொல்லு." தராசைத் துடைத்தபடி மங்களா அன்ரி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது.

"நாங்கள் இருக்கிறது ஆற்ற வீடு எண்டு யோசி" என்று அம்மா என் தோளை அழுத்தினார். நான் விரலை நீட்டி, இவர்தான் சொன்னவர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே வாய் இனித்தது, இன்றும் இனிக்கிறது. மங்களா அன்ரிக்குச் சட்டம் தெரியும் என்பது கடைக்காரிக்குத் தெரியும். அன்ரியின் குளிரங்கியை எடுத்து அவரிடமே நீட்டினார், இனி வர வேண்டாம் என்றார். அன்ரியின் முகத்தில் சிரிப்பு சுருண்டு கறுப்பதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமே அன்ரி வீட்டார் பேஸ்மெண்டை விடச் சொன்னார்கள். பெப்ரவரி. மெத்தைகளைப் பனியில் இழுத்துப்போய், ஒரு சொந்தக்காரர் வீட்டு முன்னறை "ஹோலில்" கோடை வரும்வரை கிடந்தோம். அம்மா அந்தக் கடையில் இன்னும் ஒன்பது ஆண்டு வறுத்தார். என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் அதன்பிறகு டாக்டரிடமோ அரசாங்கக் கந்தோருக்கோ மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போகவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியனைக் கெஞ்சி அழைத்தார், பிறகு தானே இங்கிலிஷ் படித்தார்.

அந்தச் சீன மால் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கடைக்காரி இப்போது உயிரோடில்லை. யார் வறுத்ததென்றே தெரியாத ஊலாங் இப்போது எனக்குத் தபாலில் வருகிறது. மங்களா அன்ரி பக்கத்து ஊரான பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார், நான் வேண்டுமென்றே அவர் எதிரில் போய் உட்காருவேன். இன்று கேட்டாலும் அந்த விரலை நீட்டுவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், டாக்டர் கேட்டதை அம்மாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தினார். "நீ இரு. எனக்கு விளங்கும்." டாக்டர் கேட்டது வேறு, அம்மா சொன்னது வேறு. நான் திருத்தவில்லை.