பம்பின் அழுத்தமும் அண்ணன் ஒத்துக்கொண்ட தவறும்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவரிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசியிருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உடன்பிறந்த தங்கை நானே அதிகம் பேசியதில்லை.

அண்ணன் பிறந்தது பொறையாறு. அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு கும்பகோணத்தில் ஒரு பஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார். அந்த வருமானத்தில்தான் என்னை நன்னிலத்தில் கட்டிக்கொடுத்தார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வயலாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். ஊர் இரண்டாகக் கிடந்தது. அந்த நேரத்தில் ஒரு மிராசுதாருடைய அம்பாசடர் அண்ணனிடம் வந்தது. பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை. அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் குறைவாகப் போகும்படி திருகிவைத்தார். புகை நின்றது. காரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மிராசுதாருடைய மகன் அந்தக் காரில் வெளியூர் ஆட்களைக் கூட்டிவரப் புறப்பட்டார். வாய்க்கால் பாலத்தில் வயலாட்கள் மறித்து உட்கார்ந்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்ததும் கார் நின்றுவிட்டது. மறுபடி கிளம்பவே இல்லை. கூட்டம் சூழ்ந்தது, தள்ளுமுள்ளு ஆனது, மகன் விழுந்ததில் கை முறிந்தது. வயலாட்கள் சொல்லித்தான் மெக்கானிக் வண்டியைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மத்தியானம் போலீசார் அண்ணனை அழைத்துப் போனார்கள். மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.

ஆதாரம் இல்லை என்று விட்டபோது வாசலில் வயலாட்களுடைய சங்கத்துக்காரர்கள் மாலையோடு நின்றார்களாம்.

“நல்ல காரியம் பண்ணீங்க மேஸ்திரி.”

“நான் ஒண்ணும் பண்ணலைங்க. வண்டி தானா நின்னுது.”

“அதை நீங்க சொல்லணும்னு இல்லையே. சும்மா இருந்தா போதும்.”

“பண்ணாததுக்கு மாலை எப்படிங்க வாங்கிக்கிறது?”

அன்றோடு சங்கத்துக்காரர்களும் முகம் கொடுக்கவில்லை. மிராசுதார்கள் வீட்டு வண்டிகள் வருவது ஏற்கெனவே நின்றிருந்தது. அண்ணனுக்கு மாயவரத்தில் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் கடிதம் போட்டு நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் சமைத்து, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

ஆனால் அந்தக் கார் ஏன் நின்றது என்பது அவரை விடவில்லை. நாலு மாதம் கழித்து, காரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை மிராசுதாரே வெளியே வந்தார்.

“பாரு. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்.”

திருச்சியில் இரவல் வாங்கிய, அழுத்தம் காட்டும் கேஜை அண்ணன் பெட்ரோல் குழாயில் மாட்டினார். பம்பு பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் அந்த கார்புரேட்டருக்கு மூன்று பவுண்டுக்கு மேல் கூடாது. முள் ஐந்தரையில் நின்றது. வண்டி அண்ணனிடம் வருமுன்பே டிரைவர் எங்கோ வாங்கி மாட்டியிருந்த புதுப் பம்பு அது. கார் ஓடும்போது இன்ஜின் பெட்ரோலைக் குடித்துவிடும், கோளாறு தெரியாது. வேகம் குறைந்தால் செலவு குறையும். அப்போது பம்பு தள்ளுவதை கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியால் தடுத்து நிறுத்த முடியாது. பெட்ரோல் வழிந்து இன்ஜின் மூழ்கிவிடும். பாலத்தில் நடந்தது அதுதான்.

“அப்ப நீ கெடுக்கலை.”

“இல்லைங்க. ஆனா தப்பு என் மேலயும் இருக்கு. பம்பு எவ்வளவு தள்ளுதுன்னு பாக்காம கார்புரேட்டரைத் திருகிட்டேன். புகை நின்னதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

அண்ணன் பம்புக்கு அடியில் இன்னும் இரண்டு பேக்கிங் அட்டை வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். பிறகு கார்புரேட்டரைப் புதிதாக டியூன் செய்தார். கார் நிற்காமல் ஓடியது. மிராசுதார் “சரி, போ” என்றார். அந்த விவரத்தை அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அண்ணன்தான் ஸ்டேஷனிலும் சங்கத்திலும் போய்த் தன் தவறையும் சேர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் தவறை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். சதிகாரர் என்ற பேர் போய் வேலை தெரியாதவர் என்ற பேர் வந்தது.

அதன் பிறகு கேஜ் மாட்டாமல் அவர் எந்த கார்புரேட்டரிலும் கை வைத்ததில்லை. தஞ்சாவூரிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வெளியாட்கள் பழைய பியட், அம்பாசடர் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் வண்டி கடைசிவரை குறைவுதான். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் “இப்படியே பழகிப்போச்சு” என்பார். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்ச். முடிந்ததும் யாரும் வெளியே வருமுன் கிளம்பிவிடுவார்.

இதையெல்லாம் அண்ணன் என்னிடம் சொன்னது தஞ்சாவூர் மருத்துவமனையில், கடைசி ஒன்பது நாட்களில். அதற்கு முன் நான் கேட்கவில்லை. அவர் ஸ்டேஷனில் இருந்தபோது நான் நன்னிலத்தில்தான் இருந்தேன். புதிதாகக் கல்யாணமான வீடு. “இப்ப போகவேண்டாம்மா” என்று மாமியார் சொன்னார்கள். போகவில்லை. போகாததற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அண்ணன் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் ஹார்லிக்ஸ் கேட்டார். ஆற்றிக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார்.

கனிவாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவும் பகலும் முகம் சுளிக்காத செவிலியருக்கும், அடக்க ஆராதனை நடத்திய சபை போதகர் ஐயருக்கும், பெட்டியைச் சுமந்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒரு அம்மாளை எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். பாலத்தில் மறித்து உட்கார்ந்தவர்களில் ஒருவர், நடவுக்குப் போகிறவர்.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல அவரைப் பாக்க யாரும் வரலைன்னு கேள்விப்பட்டேன் தாயி. மூணு நாளும் நான்தான் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனேன்” என்றார்.

அந்த அம்மாளுக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அது நான் கொண்டுபோயிருக்க வேண்டிய சோறு.